நீசேயா அறிக்கையைச் சிவப்புப் பேனாவோடு படிப்பது எப்படி

நான் பிழைப்புக்கு மெய்ப்புப் பார்க்கிறவன். ஒற்றுப்பிழை, தேதிப் பிழை, சொன்னதையே திரும்பச் சொல்வது, எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கான மறைக்கல்வி வகுப்பு ஒன்றையும் நடத்துகிறேன். இரண்டும் தனித்தனி வேலை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து நீசேயா நம்பிக்கை அறிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. “கடவுளினின்று கடவுளாக, ஒளியினின்று ஒளியாக, உண்மைக் கடவுளினின்று உண்மைக் கடவுளாக.” ஒரே சங்கதி, மூன்று தடவை. வேறு யார் எழுதிக் கொடுத்திருந்தாலும் இரண்டை அடித்திருப்பேன்.

ஆனால் தொழிலில் கற்ற இன்னொரு பாடமும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் “நாய், பூனை, முயல் உட்பட எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது” என்று எழுதியிருந்தால், முன்னால் குடியிருந்தவர் முயல் வளர்த்திருக்கிறார் என்று அர்த்தம். “முயல்” என்ற சொல் சும்மா வந்து உட்காராது. நம்பிக்கை அறிக்கையும் அப்படித்தான். அதன் பல வரிகளுக்குப் பின்னால் ஒரு முயல் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேண்டியவை

இரண்டு பாடங்கள் வேண்டும். ஒன்று, 325இல் நீசேயாவில் கூடிய ஆயர்களின் முதல் பொதுச்சங்கம் வெளியிட்ட பாடம். மற்றொன்று, 381இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கத்தின் பெயரில் வழங்குவது. நாம் வழிபாட்டில் “நீசேயா” என்று சொல்லிக்கொண்டு ஒப்பிப்பது இந்த இரண்டாவதைத்தான். இது தெரியாமல் பலர் 325இன் கதையைச் சொல்லி 381இன் வரியை விளக்குவார்கள். நானும் பல வருடம் அதைச் செய்தேன்.

இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதுவது நல்லது; கை நிற்கும் இடத்தில் கண்ணும் நிற்கும். வலது ஓரத்தில் ஒரு பத்தி காலியாக விடுங்கள். அதற்கு “எதிராளி” என்று தலைப்பு. சங்கங்களின் ஆண்டுப் பட்டியலை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்து ஆரம்பித்தவர்கள் மூன்றாவது வாரம் வகுப்புக்கு வருவதில்லை.

325ஐ வாலிலிருந்து படியுங்கள்

பழைய பாடம் தூய ஆவியோடு சட்டென்று முடிகிறது. “தூய ஆவியையும் நம்புகிறோம்.” அவ்வளவுதான், முற்றுப்புள்ளி. திருச்சபை இல்லை, திருமுழுக்கு இல்லை, மறுவாழ்வு இல்லை. அதற்குப் பிறகு, நாம் இன்று சொல்லாத ஒரு பத்தி வருகிறது: இப்படி இப்படிச் சொல்கிறவர்களைத் திருச்சபை சபித்து விலக்குகிறது என்று. கேட்க நன்றாக இருக்காது. ஆனால் அதுதான் நமக்குப் புதையல், எதிராளி பேசிய பேச்சு அப்படியே அதற்குள் பதிந்திருப்பதால்.

“அவர் இல்லாமல் இருந்ததுண்டு.” இது ஆரியுஸ் தரப்பின் வாசகம். ஆரியுஸ் அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்தவர். மகனாகிய கிறிஸ்து மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியவர், மேலானவர், ஆனாலும் தந்தையால் உண்டாக்கப்பட்டவர் என்பது அவருடைய போதனை. கிரேக்கத்தில் அந்த வாசகத்தில் “காலம்” என்ற சொல்லே கிடையாது. அவர் வேண்டுமென்றே அதைத் தவிர்த்தார். காலமே மகன் வழியாக வந்தது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். பல மொழிபெயர்ப்புகள் இங்கே “காலம்” என்ற சொல்லைச் செருகிவிடுகின்றன. தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. “இருந்ததுண்டு” என்றால் போதும், காலம் என்று சொல்லாமலே சொல்லியாயிற்று.

இப்போது எதிராளி பத்தியில் ஆரியுஸின் வாதத்தை எழுதுங்கள். ஒரு நிபந்தனை: அவரே வந்து படித்தால் “ஆமாம், நான் சொன்னது இதுதான்” என்று தலையாட்ட வேண்டும். அவர் கையில் விவிலிய வசனங்கள் இருந்தன. “தந்தை என்னைவிடப் பெரியவர்” (யோவான் 14:28). படைப்பனைத்திலும் தலைப்பேறு (கொலோசையர் 1:15). நீதிமொழிகள் 8:22இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஞானம், “ஆண்டவர் என்னைப் படைத்தார்” என்றே பேசுகிறது. வகுப்பில் இந்த மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு, “சரி, இப்போது ஆரியுஸுக்குப் பதில் சொல்லுங்கள்” என்பேன். பத்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் நீசேயா புரியாது. ஆரியுஸை மடையன் என்றோ வில்லன் என்றோ நினைத்தால், ஏறக்குறைய 300 ஆயர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பி வந்தது எதற்கு என்று விளங்காது.

(அந்த எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. மரபு 318 என்கிறது. தொடக்கநூல் 14:14இல் ஆபிராம் கூட்டிக்கொண்டு போன ஆள்களும் 318. ஓர் எண் இவ்வளவு அழகாகப் பொருந்தினால் மெய்ப்புப் பார்ப்பவன் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போடுவான்.)

அகப்பட்ட சொல்

அடுத்து, “தந்தையோடு ஒரே பொருளானவர்” என்ற இடத்துக்கு வாருங்கள். சில திருச்சபைகளின் பாடத்தில் “ஒரே தன்மையுள்ளவர்” என்றிருக்கும். கிரேக்கத்தில் ஹோமோஊசியோஸ். இந்தச் சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. அன்றைக்கே பலருக்கு அது உறுத்தியது. அப்படியானால் எதற்குப் போட்டார்கள்?

அங்கே திருத்தொண்டராக இருந்து, பிற்பாடு அலெக்சாந்திரியா ஆயரான அத்தனாசியுஸ் இதைச் சொல்லியிருக்கிறார். முதலில் விவிலியச் சொற்களாலேயே எழுதிவிடலாம் என்று பார்த்தார்கள். “மகன் கடவுளிடமிருந்து வந்தவர்” என்று போடலாமா என்று கேட்டபோது, எதிர்த்தரப்பார் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ஜாடை காட்டிக்கொண்டார்களாம்: சரி, போடட்டும், எல்லாமே கடவுளிடமிருந்து வந்தவைதானே என்று. எந்த வசனத்தைக் கொடுத்தாலும் அதைத் தங்கள் அர்த்தத்தில் விழுங்கிவிட அவர்களால் முடிந்தது. விழுங்க முடியாத ஒரு சொல் வேண்டியிருந்தது. அப்படி அகப்பட்டதுதான் ஹோமோஊசியோஸ். இதைச் சொன்னவர் ஒரு தரப்புக்காரர் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒப்பந்தம் எழுதிப் பழகிய எவருக்கும் இந்தச் சங்கடம் தெரிந்ததே.

தமிழில் “பொருள்” வம்பான சொல். அர்த்தம், பண்டம், பணம் எல்லாவற்றுக்கும் அதுவே. ஒருமுறை வகுப்புக்கு அப்பாவோடு வந்திருந்த ஒரு சிறுமி, “அப்பாவும் பிள்ளையும் ஒரே பொருளா? அப்போ ரெண்டு பேரில்லையா?” என்று கேட்டாள். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீசேயாவுக்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் கிழக்கே பல ஆயர்களைத் தூங்கவிடாமல் செய்தது அவளுடைய இந்தக் கேள்விதான். ஒரே “ஊசியா” (“பொருள்” என்பதற்கான கிரேக்கச் சொல்) என்றால் தந்தையும் மகனும் ஒரே ஆள், பெயர் மட்டும் வேறு என்றாகிவிடாதா? அதனால்தான் ஒரு கூட்டம் ஹோமோய்ஊசியோஸ், அதாவது “ஒத்த பொருளானவர்”, என்று சொல்லிப் பார்த்தது. கிரேக்கத்தில் ஓர் எழுத்து, அதுவும் இருக்கிறதிலேயே மெலிந்த எழுத்து, கூடுதல். ஒரு எழுத்துக்காகவா சண்டை என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. “அநீதி” என்பதில் ஓர் எழுத்தை எடுத்துப் பாருங்கள் என்பேன்.

“உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்” என்ற வரிக்கு அதிக விளக்கம் தேவையில்லை. தச்சர் நாற்காலி செய்கிறார், பிள்ளை பெறுகிறார். நாற்காலி அவரைப் போன்றது இல்லை. பிள்ளை அவர் இனம். “உதித்தவர்” என்ற தமிழ்ச் சொல் “ஒளியினின்று ஒளி”க்குப் பக்கத்தில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. சூரியனும் வெளிச்சமும் முன்பின் இல்லாமல் இருப்பதுபோல என்று அத்தனாசியுஸ் தரப்பு சொன்ன உவமை தமிழில் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

“எல்லாம் அரசியல்” என்பவருக்கு

வகுப்பில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்: “கான்ஸ்டன்டைன் சொன்னார், ஆயர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.” அவரைத் தள்ளிவிடாதீர்கள். பாதி சரி. பேரரசர்தான் சங்கத்தைக் கூட்டினார். மாட்டேன் என்ற இரண்டு ஆயர்களான தெயோனாசும் செகுந்துசும் ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்டார்கள்.

மற்ற பாதியையும் எழுதிக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு முந்தைய ஆண்டு அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பிய கடிதத்தில் கான்ஸ்டன்டைன் இந்தத் தகராறை அற்பமானது என்றுதான் எழுதினார். சண்டை நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியது அதுதான். பிறகு ஆரியுஸைத் திரும்ப அழைக்கவும் சம்மதித்தார். 337இல் சாகும் தறுவாயில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் நிக்கோமேதியா ஆயர் யூசேபியுஸ், ஆரியுஸின் பழைய ஆதரவாளர். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்டியுஸ் நீசேயாவின் சொல்லையே ஒழிக்கப் பார்த்தார். அத்தனாசியுஸ் ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். 359இல் மேற்கே ரிமினியில் 400க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி, கடைசியில் நெருக்கடி தாங்காமல் “பொருள்” என்ற பேச்சே இல்லாத ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். உலகமே முனகியது, தான் ஆரியவாதியாகிவிட்டதைக் கண்டு வியந்தது என்று ஜெரோம் எழுதியது இதைப் பற்றித்தான்.

ஆகவே பேரரசர் கையெழுத்து வாங்கினால் கோட்பாடு நிலைத்துவிடும் என்றால், நிலைத்திருக்க வேண்டியது ரிமினி. 380இல் பேரரசர் தெயோதோசியுஸ் நீசேயாவின் பக்கம் ஆணை பிறப்பித்தது உண்மை. ஆனால் அதற்குள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் அந்தச் சொல் பெரும்பாலும் அரண்மனைக்கு எதிராகவே உயிரோடு இருந்திருக்கிறது. அரசியலை ஒரு காரணமாக எழுதுங்கள். பத்தி முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள்

இனி 381க்கு வாருங்கள். 325இல் இல்லாததையெல்லாம் பச்சைப் பென்சிலால் கோடிடுங்கள். “காலங்களுக்கெல்லாம் முன்பே.” “தூய ஆவியால் கன்னி மரியாவிடமிருந்து.” “போன்சியு பிலாத்தின் ஆட்சியில்.” “அடக்கம் செய்யப்பட்டார்.” “அவரது ஆட்சிக்கு முடிவிராது.” பிறகு தூய ஆவியைப் பற்றிய நீண்ட பகுதி, திருச்சபை, திருமுழுக்கு, உயிர்த்தெழுதல்.

விடுபட்டவற்றைச் சிவப்பால் குறியுங்கள். சாபப் பத்தி போய்விட்டது. “அதாவது தந்தையின் பொருளிலிருந்து” என்ற விளக்கம் போய்விட்டது. கிரேக்கப் பாடத்தில் “கடவுளினின்று கடவுளாக” என்பதுகூட இல்லை! லத்தீன் அதை வைத்துக்கொண்டது. லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்ததால் நாம் இன்னும் சொல்கிறோம். “நம்புகிறோம்” என்று பன்மையில் இருந்ததை “நம்புகிறேன்” என்று ஒருமையில் சொல்வதும் வழிபாட்டு வழக்கம். சங்கத்தின் பாடம் பன்மை.

இங்கே என் சொந்தப் பிழை ஒன்று. 381இன் பாடம் 325இன் பாடத்தைத் திருத்தி எழுதிய பிரதி என்று நான் வெகுநாள் சொல்லிக்கொடுத்தேன். என் தொழில் அப்படி நினைக்க வைத்தது: இரண்டு பிரதி இருந்தால் ஒன்று திருத்தியதாகத்தானே இருக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் திருத்தத்துக்கு மிஞ்சியது. ஏற்கெனவே ஏதோ ஒரு திருச்சபையில் திருமுழுக்குக்காக வழங்கிய அறிக்கையை எடுத்து, நீசேயாவின் முக்கியச் சொற்களோடு சேர்த்து அமைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதுமட்டுமில்லை, 381ஆம் ஆண்டுச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் நமக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பாடம் “150 தந்தையரின் அறிக்கை” என்று உரக்க வாசிக்கப்பட்டது 451இல் கால்செதோனில் கூடிய சங்கத்தில். அந்தப் பதிவு வழியாகத்தான் நம் கைக்கு வருகிறது. எனவே உங்கள் தாளில் பச்சைக் கோட்டைக் “கூடுதல்” என்று எழுதாமல் “வித்தியாசம்” என்று எழுதுங்கள்.

தூய ஆவி பற்றிய பகுதியில் கொஞ்சம் நின்று பாருங்கள். தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதனையும் மாட்சியும் பெறுகிறவர் என்று சொல்கிறது. ஆண்டவர் என்கிறது, உயிர் அளிப்பவர் என்கிறது. ஆனால் “ஒரே பொருளானவர்” என்று இங்கே சொல்லவில்லை. “கடவுள்” என்ற சொல்லையும் வைக்கவில்லை. எதிராளி, தூய ஆவி படைக்கப்பட்டவர் என்று சொன்ன கூட்டம். பதிலோ, சுற்றி வளைத்துக் கட்டிய பதில்: யாரை ஆராதிக்கிறோமோ அவர் படைப்பாக இருக்க முடியாதே! செசாரியா ஆயர் பசிலியார் தூய ஆவியைப் பற்றி எழுதிய நூலிலும் இதே நிதானம் உண்டு. அவருடைய நண்பர் நாசியான்சு கிரகோரிக்கு இந்த நிதானம் பிடிக்கவில்லை. பளிச்சென்று “கடவுள்” என்றே சொல்ல வேண்டும் என்றவர் அவர். அவர்தான் அந்தச் சங்கத்துக்குக் கொஞ்சநாள் தலைமை தாங்கினார். ஏற்கெனவே வேறோர் ஊருக்கு ஆயராக அபிஷேகமானவர் எப்படித் தலைநகரான கான்ஸ்தாந்திநோபிளுக்கு மாறலாம் என்று, நீசேயாவின் 15ஆம் விதியைக் காட்டிக் கேட்டார்கள். பதவியை விட்டுவிட்டுப் போனார். ஆயர்கள் கூட்டம் எதுவும் நல்லபடி முடிந்து தான் பார்த்ததில்லை என்று பிறகு ஒரு கடிதத்தில் எழுதினார். இந்தக் கடிதத்தை வகுப்பில் சொன்னால் குழு உறுப்பினராக இருந்த எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சொல் அகராதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

325இன் சாபப் பத்தியில் ஊசியாவும் ஹைப்போஸ்தாசிஸும் (பிற்பாடு “ஆள்” என்ற அர்த்தத்துக்கு வந்த சொல்) ஒரே அர்த்தத்தில் வருகின்றன. அரை நூற்றாண்டு கழித்து ஊசியா ஒன்று, ஹைப்போஸ்தாசிஸ் மூன்று என்று பேசுகிறார்கள். அர்த்தம் கண்ணெதிரே மாறியிருக்கிறது. 362இல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் கூட்டிய சிறிய சங்கத்தில், மூன்று என்பவர்களையும் ஒன்று என்பவர்களையும் தனித்தனியே விசாரித்தார்கள்: நீங்கள் மூன்று என்றால் மூன்று கடவுளா? இல்லை. நீங்கள் ஒன்று என்றால் தந்தையும் மகனும் ஒரே ஆளா? இல்லை. அப்படியானால் இருவரும் சொல்ல வருவது ஒன்றே என்று விட்டார்கள். மொத்த வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் இது. சொல்லுக்குப் பக்கத்தில் ஆண்டைப் போடும் பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

எபேசும் கால்செதோனும்

431இல் எபேசுச் சங்கம். மேலோட்டமாகப் பார்த்தால் மரியாவைப் பற்றிய சண்டை: அவரைத் “தெயோடோக்கோஸ்”, கடவுளைப் பெற்றவர், என்று அழைக்கலாமா? தலைநகரின் ஆயர் நெஸ்தோரியுஸ் தயங்கினார். கிறிஸ்துவைப் பெற்றவர் என்பது பாதுகாப்பு என்றார். எதிராளி பத்தியில் மரியாவின் பெயரை எழுதாதீர்கள். கேள்வி கிறிஸ்துவைப் பற்றியது. மாட்டுத்தொழுவத்தில் அழுத குழந்தையும் காலங்களுக்கு முந்திய மகனும் ஒரே ஆளா, இல்லை ஒட்டவைத்த இருவரா?

நடந்த விதம் அழகானது இல்லை. அந்தியோக்கியா ஆயர் யோவான் வந்து சேருமுன்பே அலெக்சாந்திரியாவின் சிரில் ஜூன் 22 அன்று கூட்டத்தைத் தொடங்கி, அன்றே நெஸ்தோரியுஸைப் பதவிநீக்கம் செய்துவிட்டார். யோவான் சில நாள் கழித்து வந்து போட்டிக் கூட்டம் நடத்தி, சிரிலைப் பதவிநீக்கம் செய்தார். அரண்மனைக்காரர்களுக்குச் சிரில் தரப்பு அனுப்பிய கம்பளங்கள், தந்த இருக்கைகள் கொண்ட பட்டியல் இன்றும் இருக்கிறது. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 433இல் சிரிலும் யோவானும் ஒரு பொது வாசகத்துக்கு ஒத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிரில் விரும்பிப் பயன்படுத்திய ஒரு தொடர், “மனிதரான வார்த்தையின் ஒரே இயல்பு.” அது அத்தனாசியுஸின் வாசகம் என்று நம்பித்தான் எடுத்தாண்டார். உண்மையில் அது அப்பொல்லினாரின் எழுத்து. கிறிஸ்துவுக்கு மனித அறிவு இல்லை என்று சொன்னதற்காக 381இல் விலக்கப்பட்டவர் அவர். அவருடைய சீடர்கள் அவர் எழுத்துகளை அத்தனாசியுஸ் பெயரில் உலவவிட்டிருந்தார்கள். ஆசிரியர் பெயர் தவறாகப் போன ஒரு பிரதி! சிரில் அதற்கு நல்ல அர்த்தமே கொடுத்தார் என்பது வேறு விஷயம். ஆனாலும் ஒரு மெய்ப்புத் திருத்துபவனுக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது.

451இல் கால்செதோன். இங்கேதான் தமிழ் இலக்கணம் கைகொடுக்கிறது. முதலில் வந்த வரைவில் கிறிஸ்து “இரு இயல்புகளிலிருந்து” என்று இருந்தது. கூட்டத்தில் பலருக்குத் திருப்தி. ஆனால் எதிர்த்தரப்பான அலெக்சாந்திரியாவின் தியோஸ்கோருஸும் அதை ஏற்பார் என்பதே சிக்கலாயிற்று. பேரரசரின் அதிகாரிகளும் ரோமையின் தூதர்களும் விடவில்லை. முடிவில் “இரு இயல்புகளில்” என்று மாறியது. அந்த வரைவு இன்று கைவசம் இல்லை. ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் நடுவில் கிழக்குத் திருச்சபை பிளந்தது! “இலிருந்து” என்றால், சேர்வதற்குமுன் இரண்டு, சேர்ந்தபின் ஒன்று என்று கொள்ள இடமுண்டு. “இல்” என்றால் இப்போதும் இரண்டு.

அறிக்கையின் நடுவில் நான்கு சொற்கள் வரும்: கலக்காமல், மாறாமல், பிரிபடாமல், விலகாமல். நாலும் எதிர்மறை வினையெச்சம். இரு இயல்புகளும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று எங்கேயும் சொல்லவில்லை. எப்படிச் சேரவில்லை என்று மட்டும் சொல்கிறது. முதல் இரண்டுக்கு நேரே எதிராளி பத்தியில் யூத்திக்கெஸ் என்று எழுதுங்கள். மனித இயல்பு தெய்வத்தில் கரைந்துபோயிற்று என்ற போக்கு. பின் இரண்டுக்கு நெஸ்தோரியுஸ். எழுதிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றும் குறியுங்கள். கால்செதோனை ஏற்காத கோப்த்து, சிரிய, ஆர்மீனிய, எத்தியோப்பிய மரபுகள் யூத்திக்கெஸின் சீடர்கள் அல்லர். அவர்களும் அவரை விலக்குகிறார்கள். அவர்கள் காப்பாற்ற நினைத்தது சிரிலின் வாசகத்தை. 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கோப்த்து திருத்தந்தை மூன்றாம் ஷெனூதாவும் கிறிஸ்துவைப் பற்றிய ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1994இல் எபேசை ஏற்காத அசீரிய கிழக்குத் திருச்சபையோடும் அப்படி ஒன்று வந்தது.

அடிக்க வேண்டியவை

சிலவற்றைச் சிவப்பால் அடித்துவிடலாம். விவிலிய நூல்களின் பட்டியலை நீசேயா முடிவு செய்தது என்பது தவறு. அதன் 20 விதிகளில் அப்படி ஒன்றும் இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை அப்படியே பட்டியலிடும் பழைய சான்று அத்தனாசியுஸ் 367இல் எழுதிய பாஸ்கா கடிதம். இயேசு கடவுளா என்று வாக்கெடுத்து நூலிழையில் ஜெயித்தார்கள் என்பதும் தவறு. நிக்கோலாஸ் ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்தது மிகப் பிற்காலக் கதை. இதைச் சொன்னால் வகுப்பில் சிலர் முகம் வாடும், பரவாயில்லை.

“தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும் புறப்படுகிறார்” என்பதில் “மகனிடமிருந்தும்” என்ற சொல்லை அடிக்காதீர்கள், வட்டமிடுங்கள். 381இன் கிரேக்கத்தில் அது இல்லை. மேற்கே மெல்லப் பரவி, ரோமையின் வழிபாட்டில் 1014இல் நுழைந்தது. கிழக்கும் மேற்கும் பிரிந்ததில் அதற்கும் பங்குண்டு. உங்கள் திருச்சபை அதைச் சொல்கிறதா இல்லையா என்று பாருங்கள்.

ஒரு வரியை முழுதாகச் செய்து பார்ப்போம்

“அவரது ஆட்சிக்கு முடிவிராது.” பச்சை வரி, 325இல் இல்லை. லூக்கா 1:33இல் வானதூதர் மரியாவிடம் சொல்வது. இதை யார் மறுப்பார்கள்? வகுப்பில் எல்லோரும் ஆரியுஸ் என்பார்கள். இல்லை. அன்கிரா ஆயர் மார்செல்லுஸ், நீசேயாவில் ஆரியுஸுக்கு எதிராக நின்றவர். கடவுள் ஒருவரே என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிப்பு. இறுதியில் மகன் ஆட்சியைத் தந்தையிடம் ஒப்படைப்பார் என்ற 1 கொரிந்தியர் 15ஐ வைத்து, மகனின் ஆட்சி அத்தோடு முடிந்துவிடும் என்பதுபோலப் பேசினார். நம் கட்சிக்காரர்தானே என்று விட்டுவிடவில்லை; அவருக்கும் ஒரு முயல் வரி எழுதினார்கள். எதிராளி பத்தியில் “மார்செல்லுஸ், நண்பர்” என்று எழுதுங்கள்.

போன மாதம் வகுப்பில் ஒரு மூதாட்டி தாளை முழுக்க நிரப்பிக் கொண்டுவந்தார். ஒரு கட்டம் மட்டும் காலி: “அடக்கம் செய்யப்பட்டார்.” எதிராளி யார் என்று கேட்டார். முன்பெல்லாம் நான் இங்கே கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம் என்ற கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். ஆனால் அந்தக் கூட்டத்தார் முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்கள். இந்த வரி 381இல் அவர்களுக்காக வந்தது என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. 1 கொரிந்தியர் 15:3-4ஐத் திறந்து காட்டினேன். திருத்தூதர் பவுல் தனக்குக் கிடைத்ததைக் கையளிக்கிறேன் என்று சொல்லும் இடம்: இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார்.

“அப்போ இதில் சண்டை இல்லையா?” என்றார்.

“எனக்குத் தெரிந்து இல்லை, அம்மா.”

சரி என்று பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கட்டம் காலியாகவே இருக்கிறது.